அறிந்தவர் மறைத்த தூசி

ஓடுகின்ற வண்டியைக் கண்டு வியப்பவர் பலர். அது மணிக்கு எத்தனை கல் விரைவில் செல்லும், எத்தனை பேரை ஏற்றிச் செல்லும் என்று பேசுவதில் நமக்கு ஓர் இன்பம் உண்டு. ஆனால் அவ்வளவு விரைவாகச் சென்ற வண்டி வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறதே, அஃது எவ்வாறு என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வண்டியை ஓட்டுவதற்கு எவ்வளவு அறிவு வேண்டுமோ அவ்வளவு அறிவு அதை நிறுத்துவதற்கும் வேண்டும்.

நம் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். மேடும் பள்ளமும் நிறைந்த ஊர் இது. கெம்பேகவுடா நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்தும், கலாசிப்பாளையத்தில் சரக்கேற்றிக்கொண்டு சேலம் நோக்கிச் செல்லும் லாரியும் ஒரு நாளில் எத்தனை முறை பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கிறது! ஒவ்வொரு மிதிக்கும் சக்கரத்தின் உள்ளே ஒரு பொருள் சிறிது தேய்கிறது. தேய்ந்தது தூசியாகிறது. முற்றும் தேய்ந்தபின், ஜே. சி. சாலையில் வரிசையாக இருக்கும் உதிரிபாகக் கடை ஒன்றில் புதிய லைனிங் வாங்கிப் பக்கத்துத் தெருப் பட்டறையில் மாட்டிக்கொள்கிறோம். அந்தப் பழைய தூசி எங்கே போயிற்று? அதைத் தட்டித் துடைத்த தொழிலாளியின் மூச்சில் எவ்வளவு கலந்தது? இவ்வினாவை நாம் கேட்பதில்லை.

நாம் கேளாவிட்டாலும், கேட்டு விடையும் கண்டவர்கள் இருந்தார்கள். பிரேக் லைனிங் செய்து விற்ற பெருநிறுவனங்களின் தலைவர்களே அவர்கள். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் விடையை அறிந்திருந்தனர். அறிந்ததை என்ன செய்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கல்லில் பிறந்த நார்

பிரேக் வேலை செய்யும் முறை எளியது. சுழல்கின்ற உருளையின்மீது வேறொரு பொருள் அழுந்தி உராய்கிறது; ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது; வண்டி நிற்கிறது. ஆகவே உராயும் பொருள் மிகுந்த வெப்பத்தைத் தாங்கவேண்டும், தீப்பற்றக்கூடாது, வழுக்கக்கூடாது, விரைவில் தேய்ந்து போகவும் கூடாது.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ஆம் ஆண்டில் இத்தொழிலைத் தொடங்கினார். மலைப்பாங்கான டெர்பிஷயர் பகுதியில், இறக்கத்தில் செல்லும் குதிரை வண்டியின் சக்கரத்தில் பழைய செருப்பைச் செருகி வேகத்தைக் குறைப்பதை அவர் கண்டதாகச் சொல்வர். முதலில் பருத்தி நெசவைப் பிசினில் தோய்த்துப் பிரேக் கட்டைகள் செய்தார். மோட்டார் வண்டிகள் பெருகவே, பருத்தி வெப்பம் தாங்காமல் கருகியது. 1908-இல் அவர் கல்நாரை நாடினார். அவர் நிறுவிய ஃபெரோடோ நிறுவனம் உலகெங்கும் புகழ் பெற்றது. கடல் கடந்த அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் தோன்றிய ரேபெஸ்டாஸ் நிறுவனமும் அதே தொழிலில் முன்னணிக்கு வந்தது.

கல்நார் என்று தமிழிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்று மேல்நாட்டு மொழிகளிலும் சொல்லப்படும் இப்பொருள் ஒரு விந்தைப் பொருள்தான். பூமியிலிருந்து கல்லாக வெட்டி எடுக்கிறார்கள். உடைத்துப் பிரித்தால் பஞ்சுபோல் நாராகிறது. நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், நெருப்பில் இட்டாலும் எரியாது. விலையும் மலிவு. பழைய பிரேக் லைனிங்குகளில் எடைக்குப் பாதியளவு கல்நாரே இருப்பது இயல்பாயிற்று.

ஆனால் இந்த நாருக்கு ஒரு தன்மை உண்டு. பிரிக்கப் பிரிக்க அது மேலும் மேலும் மெல்லிய இழையாகப் பிரிந்துகொண்டே போகும். தலைமயிரைக் காட்டிலும் பல நூறு மடங்கு மெல்லிய இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும். சென்றவற்றுள் பல திரும்பி வாரா. உடல் அவற்றைக் கரைக்க முயன்று தோற்கிறது. தோற்ற இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு பெருகப் பெருக, பஞ்சுபோன்று விரிந்து சுருங்கவேண்டிய நுரையீரல் தோல்போல இறுகுகிறது. மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறது. இதுவே கல்நார் நுரையீரல் நோய். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலையும் வயிற்றையும் போர்த்தியுள்ள சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்றும் இதே இழைகளால் வருகின்றன. இந்நோய்கள் தூசியைச் சுவாசித்த மறுநாளே வருவதில்லை. பெரும்பாலும் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். இளமையில் உண்ட நஞ்சு முதுமையில் வேலை செய்கிறது. மறைக்க நினைப்பவனுக்கு இதைவிட வசதியான நோய் வேறொன்று இருக்க முடியாது.

இங்கிலாந்து அறிந்தது

1924-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெல்லி கெர்ஷா என்னும் பெண் இறந்தார். வயது 33. டர்னர் சகோதரர்களின் கல்நார் ஆலையில் நூற்பு வேலை செய்தவர். நோயுற்று வேலையை விட்டு நின்றபோது, ஆலை நிர்வாகம் தனக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்தது. அவருடைய நுரையீரலைச் சோதித்த மருத்துவர் குக், அங்கே கல்நார்த் துணுக்குகளைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். நோய்க்குப் பெயரும் வந்தது.

அரசு விழித்துக்கொண்டது. மெரிவெதர் என்னும் மருத்துவ ஆய்வாளரும் பிரைஸ் என்னும் பொறியியல் ஆய்வாளரும் கல்நார்த் தொழிலாளர் 363 பேரைச் சோதித்தனர். நான்கில் ஒருவருக்கு மேல் நோய் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தொழிலில் இருந்தவர்களிலோ ஐவரில் நால்வருக்கு நோய்! 1930-இல் அவர்கள் அறிக்கை வெளிவந்தது. பிரேக், கிளட்ச் லைனிங் செய்யும் வேலையும் அவ்வறிக்கை ஆராய்ந்த தொழில்களுள் ஒன்று. தூசியை எழவிடாமல் அடக்குவதே வழி என்றும், தொழிலாளிக்கு ஆபத்தை எடுத்துரைக்கவேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள். 1931-இல் சட்டவிதிகள் பிறந்தன.

இவ்விதிகள் கல்நார்ப் பொருள்களைச் செய்யும் தொழிற்சாலைகளை நோக்கியே எழுதப்பட்டவை. அப்பொருளை வாங்கிச் சென்று, துளையிட்டு, உராய்த்து, வண்டியில் மாட்டும் பட்டறைத் தொழிலாளியை அன்று எவரும் நினைக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். ஏனெனில் பின்னர் நிகழ்ந்தவை அனைத்தும் இந்த இடைவெளியில் நிகழ்ந்தவையே.

ராச்டேல் டர்னர் ஆலையும் ஃபெரோடோவும் இருபதுகளின் நடுவில் டர்னர் அண்ட் நியூவால் என்னும் ஒரே பெருங்குடும்பத்தில் சேர்ந்துவிட்டன. ஆகவே நூற்பு ஆலையில் கண்ட நோய் பிரேக் ஆலைக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள அந்த முதலாளிகளுக்கு வழியில்லை.

1935-ஆம் ஆண்டுக் கடிதங்கள்

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். ரேபெஸ்டாஸ், 1929-இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்து ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் ஆயிற்று. அதன் தலைவர் சம்னர் சிம்ப்சன். கல்நார்த் தொழிலில் இன்னும் பெரியது ஜான்ஸ்-மேன்வில் நிறுவனம். அதன் சட்ட அதிகாரி வேண்டிவர் பிரவுன்.

'ஆஸ்பெஸ்டாஸ்' என்றே பெயர் கொண்ட ஒரு தொழில் இதழ் அமெரிக்காவில் வெளிவந்துகொண்டிருந்தது. 1935 செப்டம்பரில் அதன் ஆசிரியர் சிம்ப்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்நார் நோயைப் பற்றி எதுவும் வெளியிடவேண்டாம் என்று நீங்கள் முன்னர்க் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி வாளாவிருந்தோம். இப்போது வேறு இதழ்கள் எழுதத் தொடங்கிவிட்டன. நாமும் ஏதேனும் எழுதலாமா என்பது அதன் கருத்து.

சிம்ப்சன் அக்கடிதத்தைப் பிரவுனுக்கு அனுப்பி, அக்டோபர் 1-ஆம் நாள் தம் எண்ணத்தையும் எழுதினார். கல்நாரைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறதோ அவ்வளவு நமக்கு நல்லது என்பது அவர் எழுதியதன் சாரம். இரண்டே நாளில் பிரவுனின் மறுமொழி வந்தது. இந்நோய்க்குக் கிடைக்கும் விளம்பரம் மிகக் குறைவாக இருப்பதே நம் நலனுக்கு ஏற்றது என்று அவரும் உடன்பட்டார். ஒருவேளை கட்டுரை வெளியிட இசைய நேர்ந்தாலும், இங்கிலாந்துப் புள்ளிவிவரங்களை விட்டு அமெரிக்கப் புள்ளிவிவரங்களையே பயன்படுத்துமாறு எச்சரிக்கவேண்டும் என்றும் எழுதினார்.

அன்பர்களே, இவ்விறுதிச் சொற்களைச் சிறிது நின்று நோக்குங்கள். இங்கிலாந்துப் புள்ளிவிவரத்தை அஞ்சுகிறவன் அதைப் படித்தவனாகத்தானே இருக்கவேண்டும்? அறியாமையால் நேர்ந்த பிழை என்று இதைச் சொல்ல இடமில்லை. அமெரிக்கப் புள்ளிவிவரம் எப்படி உருவாயிற்று என்பதற்கும் சான்று உண்டு. மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் லான்சா, கல்நார் ஆலைத் தொழிலாளரைச் சோதித்து ஓர் அறிக்கை எழுதினார். 1935-இல் அது அச்சேறுமுன், தொழிலுக்குச் சாதகமான செய்திகள் விடுபடக்கூடாது என்று பிரவுன் அவரிடம் வேண்டிக்கொண்டார். நோயின் கடுமை சற்றே மென்மையாக்கப்பட்டு அறிக்கை வெளிவந்தது.

இக்கடிதங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெட்டியில் உறங்கின. நோயுற்ற தொழிலாளர் தொடுத்த வழக்குகளின்போது, எழுபதுகளின் பிற்பகுதியில், அவை வெளியே வந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது நம் பழமொழி. ஆனால் நாற்பது ஆண்டு மறைத்து வைத்தால், அச்சோற்றை உண்டவர்களில் பலர் உண்மையைக் காணுமுன்பே மாண்டுவிடுவார்கள். மறைத்தவர்களுக்கு அதுவே போதும்.

சுண்டெலிகள் சொன்ன செய்தி

கடிதத்தோடு நிற்கவில்லை. 1936-இல் ஜான்ஸ்-மேன்வில், ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் உள்ளிட்ட சில நிறுவனங்கள் சேர்ந்து, நியூயார்க் மாநிலத்துச் சாரனாக் ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்லின. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது நற்செயலே. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: ஆய்வின் முடிவுகள் பணம் கொடுத்தவரின் சொத்து, எதை வெளியிடுவது, எப்படி வெளியிடுவது என்பது அவர்கள் விருப்பம்.

ஆய்வுக்கூடத் தலைவர் லெராய் கார்ட்னர் விலங்குகளுக்குக் கல்நார்த் தூசியைச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார். நீண்ட இழைத் தூசியைச் சுவாசித்த சுண்டெலிகளில் பெரும்பாலானவற்றுக்கு நுரையீரலில் கட்டிகள் தோன்றியிருப்பதை 1943-இல் குறித்தார். இச்சோதனையில் குறைகள் உண்டு என்பதை அவரே உணர்ந்து, மேலும் ஆராய விரும்பினார். 1946-இல் அவர் இறந்துபோனார். 1948-இல் கூடிய நிறுவனப் பிரதிநிதிகள், வெளியிடப்போகும் அறிக்கையில் புற்றையும் கட்டியையும் பற்றிய குறிப்புகள் இருத்தலாகாது என்று முடிவு செய்தனர். 1951-இல் அறிக்கை அச்சாயிற்று. எலிகள் சொன்ன செய்தி அதில் இல்லை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். ரிச்சர்டு டால் என்னும் அறிஞர், கல்நார் ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்த 113 ஆடவரின் வரலாற்றை ஆராய்ந்தார். பொது மக்களின் கணக்குப்படி அவர்களுள் நுரையீரல் புற்றால் ஒருவர் இறந்தாலே மிகுதி. இறந்தவரோ 11 பேர். அந்த ஆலை ராச்டேல் டர்னர் ஆலையே. கட்டுரையை வெளியிடவேண்டாம் என்று நிறுவனம் தடுக்க முயன்றது. ஆயினும் 1955-இல் அது வெளிவந்தது. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வேக்னர் என்பவரும் அவர் துணைவர்களும், கல்நார்ச் சுரங்கப் பகுதி மக்களிடம் மீசோதீலியோமா காணப்படுவதை உலகுக்கு அறிவித்தனர். அதன்பின் உண்மையை மூடிவைக்கும் கைகள் தளரத் தொடங்கின.

பட்டறை வாயிலில்

தொழிற்சாலையின் கதை இது. வண்டி பழுது பார்க்கும் பட்டறையின் கதை என்ன? லைனிங் செய்த நிறுவனம் அதன் தூசி தீயது என்று 1935-இலேயே அறிந்திருந்தது. அதே லைனிங்கைப் பட்டறையில் உப்புத்தாளால் தேய்த்தாலும், துளையிட்டு ரிவெட் அடித்தாலும், எந்திரத்தில் உராய்த்து உருளைக்குப் பொருத்தினாலும் எழுவது அதே தூசிதான். ஆயினும் கல்நார் கலந்த லைனிங்குகள் நெடுங்காலம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டறைகளுக்குச் சென்றுகொண்டேயிருந்தன.

கார் செய்யும் நிறுவனங்களும் பின்னர் இதை அளந்து பார்த்தன. பிரிட்டனில் ஃபோர்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஹிக்கிஷ், நைட் என்னும் இருவர், பிரேக் பழுது பார்க்கும்போது எழும் கல்நார்த் தூசியை அளந்து 1970-இல் கட்டுரை வெளியிட்டனர். 1975-இல் அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனம், பிரேக், கிளட்ச் வேலை செய்வோருக்குக் கல்நார் ஆபத்து உண்டு என்று அறிவிக்கை விடுத்தது. 1986-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை, மெக்கானிக்குகளுக்கென்றே எளிய நடையில் ஒரு கையேடு வெளியிட்டுப் பள்ளிகளுக்கும் பட்டறைகளுக்கும் அனுப்பியது. 1994-இல், பிரேக்கைத் திறந்து காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவதைத் தொழில் பாதுகாப்பு விதி தடுத்தது. சிம்ப்சனின் கடிதத்துக்கும் இவ்விதிக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்!

ரேபெஸ்டாஸ் ஆலை இருந்த ஸ்ட்ராட்போர்டு நகரமும் தன் பங்கைப் பெற்றது. ஆலைக் கழிவைப் பள்ளம் நிரப்பும் மண்ணாக நகரெங்கும் கொட்டியிருந்தார்கள். வீட்டு முற்றங்களிலும் பள்ளி விளையாட்டுத் திடலிலும் அது கிடந்தது. 1995-இல் நாட்டின் கொடிய கழிவிடங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பெயர் மாறிய நிறுவனம் கடனில் மூழ்கியது. தூய்மை செய்யும் பாரம் மக்கள் வரிப்பணத்தின்மேல் விழுந்தது.

மற்றொரு பக்கமும் உண்டு

உண்மையை நாடுவோர் இரு பக்கத்தையும் கேட்கவேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது உராயும் இடத்தில் வெப்பம் மிகுகிறது. அவ்வெப்பத்தில் கல்நார் தன் அமைப்பை இழந்து, ஃபார்ஸ்டரைட் என்னும் வேறொரு கனிமமாக மாறிவிடுகிறது. ஆகவே உருளையின் உள்ளே சேரும் தேய்மானத் தூசியில் கல்நாராகவே எஞ்சியிருப்பது பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மெக்கானிக்குகளைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றில், அவர்களுக்கு மீசோதீலியோமா மிகுதியாக வருவதாகக் காணப்படவில்லை என்பதும் உண்மையே. லைனிங் செய்யும் ஆலையில் உழைத்தவருக்கும் பட்டறையில் உழைத்தவருக்கும் ஆபத்து ஒரே அளவு என்று சொல்வது பொருந்தாது.

ஆனால் இதோடு வேறு இரண்டையும் சேர்த்து எண்ணவேண்டும். முதலாவது, புதிய லைனிங்கைத் தேய்த்துத் துளையிடும்போது வெப்பத்தால் மாறாத கல்நாரே எழுகிறது. இரண்டாவது, இவ்வாய்வுகளிலும் கட்டுரைகளிலும் பல, வழக்குகளை எதிர்கொண்ட கார் நிறுவனங்களின் பணத்தால் எழுதப்பட்டவை. ஃபோர்டு நிறுவனம் 2001 முதல் இவ்வகைக் கட்டுரைகளுக்கும் நீதிமன்றச் சாட்சியங்களுக்கும் நான்கு கோடி டாலரை நெருங்கிய தொகை செலவிட்டது என்று, 2016-இல் அமெரிக்கப் புலனாய்வுச் செய்தியாளர் அமைப்பொன்று எழுதியது. பணம் பெற்றதனாலேயே ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆயினும் சாரனாக் சுண்டெலிகளின் கதையை அறிந்தவர்கள், பணம் யாருடையது என்று கேட்பதைக் குற்றமாகக் கொள்ளமாட்டார்கள். எல்லா வகைக் கல்நாரும் மனிதனுக்குப் புற்றுநோய் தருவதே என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு.

நம் நாட்டில்

ஃபெரோடோ இந்தியாவுக்கும் வந்தது. மும்பையின் காட்கோபரில், டர்னர் அண்ட் நியூவாலின் கிளையாக இந்துஸ்தான் ஃபெரோடோ தோன்றியது. பிறகு நம்மவர் நிறுவிய ஆலைகளும் பெருகின. உள்நாட்டில் லாரியும் பேருந்தும் செய்யத் தொடங்கிய நாடு, பிரேக் லைனிங்கையும் உள்நாட்டிலேயே செய்துகொள்ள விரும்பியது இயல்பே. தொழில்நுட்பத்தைக் கடல் கடந்து கொண்டுவந்தோம். ஆனால் அத்தொழில்நுட்பத்தோடு கூடவே வரவேண்டிய எச்சரிக்கை அதே வேகத்தில் கப்பலேறவில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், கல்நார் நோயை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. சட்டம் இருந்தும், நோயைக் கண்டறிவாரும் இல்லை, அறிவிப்பாரும் இல்லை. மும்பையில் ஒரு கல்நார்க் கலவை ஆலைத் தொழிலாளரை இரு மருத்துவர்கள் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஐவரில் ஒருவருக்கு மேல் நோய் இருந்தது. இங்கிலாந்தில் மெரிவெதரும் பிரைஸும் கண்டதை ஏறத்தாழ ஒத்த கணக்கு இது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே செய்தியை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது!

அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27-இல் ஒரு பெரும் தீர்ப்பு வழங்கியது. உடல்நலத்தோடு வாழ்வது தொழிலாளியின் அடிப்படை உரிமை என்றது. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலக் குறிப்பையும், வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காத்து வைக்கவேண்டும் என்றது. நோய் உறுதியானவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. நாற்பது ஆண்டு என்னும் எண்ணைப் பாருங்கள். மெதுவாக வரும் நோயை மறதிதான் வளர்க்கிறது என்பதை நீதிமன்றம் நன்கு உணர்ந்திருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-க்குள் கல்நாருக்குத் தடை வந்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில், பிரேக் உள்ளிட்டவற்றில் எஞ்சியிருந்த வெண்கல்நார்ப் பயன்பாட்டை நிறுத்த ஆணை பிறப்பித்தது. நம் நாட்டில் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய உரிமம் அளிப்பது 1986-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் வெண்கல்நாரை இறக்குமதி செய்வதற்கு முழுத் தடை இல்லை. ரஷியா, கஜகஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து அது வந்துகொண்டிருக்கிறது. பெரும்பகுதி கூரைத் தகடாகிறது. பிரேக்கைப் பொறுத்தவரை, பெயர் பெற்ற நிறுவனங்கள் கல்நார் இல்லாத லைனிங்குகளுக்கு மாறிவிட்டன. இரும்பு, கண்ணாடி, அராமிடு இழைகளும் வேறு கனிமங்களும் கல்நாரின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. எனினும் பழைய வண்டிகளும், பெயரில்லாப் பெட்டியில் வரும் மலிவுச் சரக்கும் உள்ளவரை, திறந்து பார்க்கும் பிரேக்கில் கல்நார் இல்லை என்று பட்டறைத் தொழிலாளி கண்ணால் கண்டு சொல்ல முடியாது.

நம் கடமை

பெங்களூரின் பட்டறைகளில் தமிழ் பேசும் தொழிலாளரும் இருக்கிறார்கள். பதினைந்து பதினாறு வயதில் உதவியாளாகச் சேர்ந்து, கேட்டும் பார்த்தும் தொழில் கற்றவர்கள் அவர்களில் உண்டு. எச்சரிக்கை ஆங்கிலத்தில் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்தப் பெட்டியைக் கிழித்தெறிந்துவிட்டு, உள்ளிருப்பதை எடுத்து மாட்டுகிறார்கள். எச்சரிக்கையை அச்சிட்டவனின் கடமை அதோடு முடிந்தது. அது சென்று சேரவேண்டியவனை மட்டும் சேரவில்லை.

நாம் செய்யக்கூடியது பெரிதன்று. அடுத்த முறை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசெல்லும்போது இவற்றைச் சொல்லலாம்: "அண்ணே, டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றடிக்காதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். முதலில் தண்ணீரால் நனைத்து, ஈரத்துணியால் துடையுங்கள். துணியை உலரவிடாமல் பையில் கட்டிப் போடுங்கள். உலர்ந்த லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். சட்டையைத் தனியே துவையுங்கள்." முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த மெல்லிய இழையைத் தடுக்காது என்பதையும் சொல்லவேண்டும். கடையில் லைனிங் வாங்கும்போது, கல்நார் இல்லாதது என்று அச்சிட்ட பெட்டியைக் கேட்டு வாங்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு வாளித் தண்ணீரும் சிறிது பொறுமையும்தான்.

இன்னொன்றும் உண்டு. இன்று இப்பல்கலைக்கழகத்தில் பயிலும் நம்முள் சிலர் நாளை வேதியியல் அறிஞராவோம், சிலர் பொறியாளராவோம், சிலர் நிறுவனங்களின் சட்ட அதிகாரியாகவும் அமர்வோம். ஒரு நாள் நம் மேசைக்கு ஓர் ஆய்வறிக்கை வரும். அதில் ஏதோ ஒரு பொருளின் தீங்கு எழுதப்பட்டிருக்கும். இதைப் பற்றிக் குறைவாகப் பேசுவோம் என்று மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பும் வரும். சிம்ப்சனும் பிரவுனும் கொடிய அரக்கர்கள் அல்லர். படித்தவர்கள்; ஊரில் மதிப்புப் பெற்றவர்கள்; மேசையில் அமர்ந்து பணிவான சொற்களில் கடிதம் எழுதியவர்கள். அவர்கள் ஒருவரையும் கையால் தொட்டுத் துன்புறுத்தவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவே. அந்த 'அவ்வளவே' எத்தனை நுரையீரல்களில் தழும்பாயிற்று என்பதை மேலே கண்டோம்.

அறிவு வளர்வதற்கே கல்லூரி என்கிறோம். வளர்ந்த அறிவு, அது தேவைப்படுகிறவனிடம் அவனுக்குப் புரியும் மொழியில் போய்ச் சேரவேண்டும். அதைச் சேர்ப்பிக்கும் வேலை படித்தவர்களுடையது. ஜே. சி. சாலையை ஒட்டிய ஒரு தெருவில், இப்பொழுதும் ஒரு தம்பி பிரேக் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருப்பான். அவனிடம் சொல்லவேண்டிய செய்தி நம்மிடம் இருக்கிறது. சொல்லும் மொழியும் இருக்கிறது. போய்ச் சொல்வோமாக.